யானைக்கு மூன்று வளையல்

சில வருடங்களுக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் மூன்று பேர் பம்மலில் ஒரு மாடிப் போர்ஷனில் கூடுவோம். போர்ஷன் என் நண்பனுடையது. கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டத்தை எங்களுக்குப் பழக்கியவர், என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா. அவர்தான் கேம் மாஸ்டர். குகையும் அரக்கியும் மழையும் அவர் வாயிலிருந்து வரும். அங்கே என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போகும்போது அரக்கிகூட ஓங்கிய கையோடு காத்திருப்பாள்.

ஆட்டத்தில் எங்களைக் குறிக்கும் பொம்மைகளுக்குப் பதில் சதுரங்கக் காய்கள். என் வீரன் குதிரை, நண்பனின் திருடன் யானை. யாருக்காவது விஷம் ஏறினால் அக்கா ஒரு பச்சை வளையலைக் காயின் தலை வழியாகப் போடுவார். தீப்பிடித்தால் சிவப்பு. வளையல் கிடக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பு அரக்கி யானையை இரண்டு முறை கடித்துவிட்டாள். போதாததற்கு, சுவரிலிருந்த பந்தம் அவன்மேல் விழுந்தது. காலடியில் மூன்று வளையல்கள்.

"இன்னாக்கா இது, அநியாயமா கீது! ரெண்டு பச்சைக்கும் தனித்தனியா கழிச்சா, என் முறை வரதுக்குள்ளயே செத்துடுவேன்" என்றான் நண்பன்.

"ரெண்டு கடின்னா ரெண்டு மடங்கு விஷம்தானே?" என்று நான் வாயைக் கொடுத்தேன். அவன் முறைத்தான்.

அக்கா பகடையை உள்ளங்கையில் உருட்டினார். "ஒரே விஷம் ரெண்டு தடவை ஏறினா வேகம் கூடாது, இறங்கத்தான் நேரமாகும். அதனால பச்சைக்கு ஒரு தடவைதான் கழிப்பேன். தீ வேற, அது தனியாக் கழியும். இன்னொண்ணு, பக்கத்துல இருக்கிறவங்க தங்க முறையை விட்டுக்கொடுத்தா ஒரு வளையலைக் கழட்டலாம்."

அடுத்து என் முறை. ஒரே வெட்டில் அரக்கி விழுந்துவிடும் நிலை. மாதக்கணக்காக அவளைத்தான் துரத்திக்கொண்டிருந்தோம்.

"நீ வெட்டு மச்சான், என்னைப் பார்க்காத" என்றான் நண்பன். ஆனால் அவன் கண் யானையை விட்டு நகரவில்லை. முதல் நாளிலிருந்து அவன் வளர்த்த திருடன் அது.

நான் சிவப்பு வளையலைக் கழற்றினேன்.

அரக்கி பாறை இடுக்கில் நுழைந்து தப்பிவிட்டாள். "பேஜார் பண்ணிட்டியே!" என்று கத்தியபடி எழுந்து போனவன், பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தான். பெரிய பஜ்ஜியை என் பக்கம் தள்ளினான்.

அந்த அரக்கியை நாங்கள் பிடிக்கவே இல்லை. அக்காவுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. நண்பன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் குடிபோனான். இப்போது எப்போதாவது மூவரும் அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆடுகிறோம். விஷம், தீ என்று எது எதோடு சேரும், எவ்வளவு உயிர் கழியும் என்பதையெல்லாம் அதுவே கணக்குப் போட்டுவிடுகிறது. சட்டென்று அடுத்த முறை வந்துவிடுகிறது.

போன வாரம் நடு ஆட்டத்தில் நண்பன் மைக்கை ஆன் செய்தான். "அக்கா, குளிரும் ரத்தப்போக்கும் சேருமா, சேராதா? கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும், நீ சொல்லு."

"சேராது" என்றார் அக்கா.

"அதெப்படி சேராம போகும்?" என்றேன் நான். அன்று ஆட்டம் அதற்குமேல் நகரவில்லை.