நடந்து போன வேப்பமரம்

மரம் நடந்து போவதைப் பார்த்தேன் என்று மைசூர் திரும்பியதும் வகுப்பில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அப்பா ரயில்வேக்காரர், எதற்கும் நேரமும் சாட்சியும் கேட்பவர். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சாட்சி இருந்தது. என்னோடு அத்தையும் பார்த்தாள்.

அத்தை வீடு ஹனூர் பக்கம், மலையடிவாரத்தில். கோடை விடுமுறைக்கு என்னை அங்கே அனுப்புவார்கள். வீட்டுக்கு மேலே ஊர் மாடெல்லாம் மேயும் புல்சரிவு, கீழே அவை தண்ணீர் குடிக்கும் குட்டை. நான் மரத்தைப் பார்த்த அந்தக் கோடையில் வீட்டுக் கிணறு வற்றிக் கிடந்தது. முந்தைய வருஷம் அத்தையின் வீட்டுக்காரரான மாமாவும் இன்னும் சிலரும் சரிவில் பாதியை உழுது நிலக்கடலை போட்டிருந்தார்கள். அத்தைக்கு அதில் சம்மதமில்லை. முதல் விளைச்சல் அமோகமாக வந்துவிட்டதால் அவள் சொன்னதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் அத்தையும் நானும் ஆடுகளோடு மேலே போயிருந்தோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறையடியில் ஆடுகளுக்கு நடுவே ஒடுங்கினோம். அங்கிருந்து சரிவு முழுவதும் தெரிந்தது. புல் நின்ற பக்கம் விழுந்த மழை எங்கே போகிறதென்றே தெரியவில்லை. தரை குடித்துக்கொண்டே இருந்தது. உழுத பக்கமோ மண்ணும் மழையும் ஒன்றாக ஓடின. உழவுசால்கள் ஒன்றுக்குள் ஒன்று உடைந்து, வாய்க்காலாகி, பார்க்கப் பார்க்க ஆள் உயரப் பள்ளமாயின. பள்ளத்தின் விளிம்பில் ஒரு வேப்பமரம். அது சாயவில்லை. வேர் பிடித்திருந்த மண்ணோடு, நிமிர்ந்தபடியே கீழே இறங்கத் தொடங்கியது. சாமி புறப்பாடு வருவதுபோலக் கைகூப்பிவிட்டேன்.

அத்தை மரத்தைப் பார்த்த மறுகணமே அது போகும் வழியைப் பார்த்தாள். கீழே குட்டைக்கரையில் மாமா காளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, மாட்ட உட்டுப்போட்டு மேல ஏறுங்க. மேல ஏறுங்க.”

குரல் எட்டியதோ என்னவோ, மாமா நிமிர்ந்தார். கயிற்றை விட்டுவிட்டுக் கரையோரப் பாறைமேல் தாவினார். காளைகள் தாமாகவே மறுகரைக்கு ஓடின. மரம் குட்டைக்குள் போய் நின்றது. அதன் பின்னால், கேழ்வரகுக் கூழ்போலக் கெட்டியாக, மலை வந்து கொட்டியது.

மறுநாள் காலையில் குட்டை இல்லை. கரைமட்டத்துக்குச் சிவந்த சேறு மெழுகிய தரைபோல மின்னியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. தாகத்தோடு நின்ற மாடுகளின் பக்கத்தில் மாமா நின்றார். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு புல் பக்கம் போனாள். அங்கே பாறை இடுக்கில் தெளிந்த தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துவந்து மாடுகளுக்கு வைத்தாள்.

சாயங்காலம் மாமா புல்லை வேரோடு பெயர்த்து வந்து, பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, நெல் நாற்றைப்போல நட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“புல்லு தானா மொளைக்குமே மாமா?”

“மொளைச்சுக்கும்னுதான் கண்ணு நானும் இருந்தேன்.”

அடுத்த கோடையில் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்பது இந்தப் புல் வேர் பிடித்து மழையைத் தரைக்குள் இறக்குவதில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருந்தது. அவள் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரப் புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.