பக்கத்துக் கோப்பின் மகள்

போரில் வீடிழந்து வந்த பெண்களுக்குத் தங்குமிடம் வாங்கித் தரும் அலுவலகத்தில் அவருக்குக் ‘கோப்பக்கா’ என்று பெயர். பன்னிரண்டு வருட வேலை. யாரையும் இரண்டு தடவை அழவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே தனியறையில் ஒரு முறை கேட்டுக்கொள்வார். அறை ஒதுக்கும் குழுவின் முன்னால் அவரே அந்தப் பெண்ணுக்காகப் பேசுவார். நல்ல கொள்கைதான். நாளடைவில், பட்டவர்களைவிடக் கேட்டவர் நன்றாகச் சொல்லத் தொடங்கினார் என்பது மட்டுமே அதிலிருந்த கோளாறு.

அன்று ஒரு தையல்காரியின் முறை. பொதுக்கூடத்தில் இருபது பேரோடு படுத்திருந்தவள், பூட்டுகிற கதவோடு ஓர் அறை கேட்டிருந்தாள். கோப்பக்கா எழுந்தார். குண்டு விழுந்ததைச் சொன்னார், ஆற்றில் இறங்கியதைச் சொன்னார், மகள் கரையேறாததையும் சொன்னார். குழுத் தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒருவர் தங்கும் அறை.

வெளியே வந்ததும் தையல்காரி மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, ஆத்தோட போனது யாரு?”

“உன் பொண்ணுதானேம்மா.”

“அவ ஒன்பதாவது படிக்கிறா. கீழ வாசல்ல நிக்கிறா.”

கோப்பக்கா கையிலிருந்த கோப்புகளைப் புரட்டினார். ஆற்றோடு போனவள் பக்கத்துக் கோப்பின் மகள்.

“உள்ளயே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க அவ்வளவு நல்லா சொல்லிட்டிருந்தீங்க. குறுக்க பேசினா மரியாதை இல்லன்னு இருந்துட்டேன். கேட்டு எனக்கே அழுகை வந்துடுச்சுக்கா.”

கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

“இப்ப போய்ச் சொன்னா அறை போயிடுமா?” என்றாள் தையல்காரி.

“போயிடலாம்.”

“சொல்லலன்னா?”

“காகிதத்துல உன் பொண்ணு இல்லாதவ.”

“அப்ப சொல்லிடுங்க. வீடு வாசலே போயாச்சு, ஒரு கதவு போனா போகுது.”

கோப்பக்கா திரும்பிப் போனார். பேச்சுக்குப் பேர்போனவருக்கு அன்று ஒரு வாக்கியம் கூடிவரவில்லை. “அது வேற பொண்ணுங்க. என் தப்பு” என்றார். தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பன்னண்டு வருஷமா சொல்றீங்களே, அதுல எதெல்லாம் யாரோடது?”

தலைவர் கையெழுத்தை அடித்தார். இனிமேல் அவரவரே பேசட்டும், தையல்காரி அடுத்த மாதம் வரட்டும் என்றார்.

வாசலில் இரட்டைச் சடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தாம் சாகடித்தவளைக் கோப்பக்கா அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். காதில் ஒரு மச்சம் இருந்தது. அது எந்தக் கோப்பிலும் இல்லை.

“அறை கிடைச்சுதா அக்கா?”

“இல்லம்மா,” என்றார். “என்னாலதான்.”