அருள்மேரி கட்டிய ஜீப்

பம்மல் கல்குவாரி அடிவாரத்து மெக்கானிக் ஷெட்டை ஒரு பெண் நடத்துகிறாள் என்பதே 1991-ல் பலருக்குப் பொறுக்கவில்லை. கணவன் சின்னப்பன் விபத்தில் போய்ச் சேர்ந்ததும், அருள்மேரி அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுடைய ஸ்பானரைக் கையில் எடுத்தாள். அவன் கூடவே நின்று பழகிய வேலைதான்.

கொழுந்தன் லாசரஸுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். சுப்பராயலு மேஸ்திரி குவாரிக்கு ஒரு ஜீப் கேட்டு வந்த அன்று, அவர் எதிரிலேயே வாயைத் திறந்தான்.

"பொம்பள கட்ற வண்டி குவாரி மேடு ஏறுமா அண்ணி? ஏறிச்சுன்னா நான் இந்தப் பக்கமே வர்ல. ஏறலைன்னா ஷெட்ட என்கிட்ட வுட்டுட்டு உங்கம்மா வூட்டுக்குப் போய்டணும், இன்னா?"

"போய்டறேன்" என்றாள் அருள்மேரி. குரல் அசையவில்லை.

ராணுவத்தில் கழித்துப்போட்ட பழைய ஜீப்பின் கூடு ஒன்றை ஏலத்தில் பிடித்தாள். உருண்டை விளக்கும் மடக்குக் கண்ணாடியுமான அந்த அழகில் அவள் கை வைக்கவில்லை. வயிற்றுக்குள்தான் எல்லாம் புதுசு: முகம் நசுங்கிப்போன ஒரு புது வேனின் டீசல் இன்ஜின், அதன் கியர் பெட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும்படி இரண்டு அச்சுகளையும் பிரித்துக் கழுவித் தானே பூட்டினாள். இன்ஜின் உறுமி உயிர்பெற்றபோது ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு விம்மினாள். ஆனால் ஓட்டிப் பார்க்கவில்லை. மந்திரிக்காத வண்டியை ஓரடிகூட ஓட்டக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்!

ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அருள்மேரி சிலுவை போட்டுக்கொண்டு முதல் கியரைப் போட்டாள்.

ஜீப் பின்னால் போனது! மேஸ்திரி துள்ளி விலகினார்.

"இன்னா அண்ணி, நண்டு வண்டியா கட்டிக்கீற?" லாசரஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான். கூட்டமும் சிரித்தது.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை இடவலம் மாற்றிப் பூட்டியிருக்கிறாள். அதையும் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும்! முன்னால் போக இப்போது அவளிடம் இருப்பது ரிவர்ஸ் கியர் ஒன்றுதான். பின்னால் போக அத்தனை கியரும் இருந்தன.

"எறங்கு அண்ணி. பேஜார் பண்ணாத."

அருள்மேரி இறங்கவில்லை. வண்டியை வளைத்து, அதன் பின்புறத்தை மேட்டுக்குக் காட்டி நிறுத்தினாள்.

"மேடு ஏறணும்னுதான சொன்ன? மூஞ்சியால ஏறணும்னு சொன்னியா?"

முதல் கியர். கல் சிதற, புகை கிளம்ப, ஜீப் பின்பக்கமாகவே மேட்டைக் கவ்வியது. பாதியில் சக்கரம் வழுக்கியது. கூட்டம் "ஐயோ" என்றது. அவள் கழுத்தைத் திருப்பிப் பாதையைப் பார்ப்பாள், மறுநொடி கீழே நிற்கும் லாசரஸைப் பார்ப்பாள். எல்லோரும் மலையேறும்போது ஊருக்கு முதுகைக் காட்டுவார்கள். அருள்மேரி முகத்தைக் காட்டிக்கொண்டே ஏறினாள்!

உச்சியில் ஹாரன் அலறியது. சாமியார் தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

அவள் இறங்கி வந்தாள். நேராக ஜாக்கியை எடுத்து வந்தாள். செய்த தவற்றைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். லாசரஸ் தலையைச் சொறிந்தபடி கிட்டே வந்தான்.

"அண்ணி... நான் ஒரு கை புடிக்கட்டா?"

"வேணாம்பா. இந்தப் பக்கமே வர்லன்னு சொன்ன. அங்க, ரோட்டோட போ."