கேப்டன் டாக்டரின் கையெழுத்து

நான் பர்மாப் பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டபோது பசுந்தாங்குப் பேட்டையில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு முழுக்க அதே பேச்சாக இருந்தது. அம்மா மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பர்மாக்காரராக இருந்தால் என்ன, ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது என்று மாடிக்கு மாடி ஏறிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஜாதி போனாலும் மருந்து வந்ததே என்று அண்ணன் கேலி செய்வான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மருந்து வந்தது உண்மைதான். அதற்கென்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். மேலே புருஷன் பெயரும் பதவியும், கீழே பெண்டாட்டி பிள்ளைகள் பெயர். டாக்டரை மட்டும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பட்டாளத்துக் குடியிருப்பில் எந்த லைன் வீட்டில் இருக்கிறோமோ அந்த லைனுக்கு உண்டான டாக்டர்தான். எங்களுக்கு ஒரு கேப்டன் வாய்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வேறு டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் அவரே சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, ஐயா, உங்களுக்கு வைத்தியம் தெரியவில்லை, அதை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்.

என் மகளுக்கு நாலு வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிய ஆரம்பித்தது. கேப்டன் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே சொட்டு மருந்து எழுதினார். அடுத்த மாதமும் அதே மருந்து, அதற்கடுத்த மாதமும் அதே. ஒருநாளும் காதைத் தொட்டுப் பார்த்ததில்லை. நாற்றம் தாங்காமல் லைன் பிள்ளைகள் அவளை விளையாட்டில் சேர்க்கவில்லை. மனசு கேட்காமல் பசுந்தாங்கில் ஒரு தனி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, சீழ் எலும்பை அரிக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் காது போய்விடும் என்றார். எங்களால் முடிகிற செலவில்லை. பட்டாளத்துப் புத்தகம் வைத்துக்கொண்டு இங்கே எதற்கு வந்தாய் என்று அவரே என்னைத் திருப்பி அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் சார்ஜென்ட். சீட்டைக் கேளுங்கள் என்றால் அவருக்கு முகம் வெளுத்துவிடும். நான் போய்க் கேட்டாலும் அவர் கேட்டதாகத்தான் கணக்காம், அடுத்த வாரமே சண்டை நடக்கிற எல்லைக்குத் தூக்கி அடித்துவிடுவார்களாம். அவர் ரொம்ப நல்லவர். நல்லவர் என்றால் வீட்டுக்கு உதவாதவர் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அம்மாதான் வழி சொன்னாள். கேப்டனிடம் போகாதே, அவர் பெண்டாட்டியிடம் போ என்றாள். "பெரிய இடத்துக்கு வெறுங்கையோட போகக் கூடாதுடி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பாங்க."

ஆட்டுக்கறிக் குழம்பும் நெய்ச்சோறும் அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரியின் பெண்டாட்டியைப் போகடோ என்று கூப்பிடுவார்கள். எங்கள் போகடோ விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து முழுதும் சாப்பிட்டாள். மகள் விஷயத்தைச் சொன்னேன். அவரிடம் சொல்கிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமையும் இதே மாதிரி கொண்டு வா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பிறகு பாத்திரம் எதற்கு, இங்கேயே வந்து சமைத்துவிடேன் என்று அவள் சமையல்கட்டுக்குள் என்னை விட்டாள். இந்தியப் பெண்ணைக் கலாமா என்பார்கள். அதைச் செல்லமாகவும் சொல்லலாம், காறித் துப்புவது போலவும் சொல்லலாம். என் கலாமாவின் கை யாருக்கு வரும் என்று விருந்தாளிகளிடம் அவள் பெருமையாகச் சொல்வாள். அம்மா சொன்னது பலித்துவிட்டது. உப்பிட்டவளை நன்றாகத்தான் நினைத்தார்கள், பசி எடுக்கும்போதெல்லாம் நினைத்தார்கள். அந்தச் சமையல்கட்டு மூலையில் என் மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே ஐந்து மாதம் போயிற்று. ஒருநாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். போகடோவுக்குக் கோபமே வரவில்லை. எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பர்மிய மொழியில் ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்.

"சீட்டு கொடுத்தா நீ பிள்ளையோட ஆஸ்பத்திரியில போய் ஒரு மாசம் படுத்துக்குவே, தங்கச்சி. என் மகனுக்குப் புத்த மடத்துத் துறவாடை போடுற விழா வருதில்ல? முந்நூறு பேருக்குச் சாப்பாடு. அது முடியட்டும், அடுத்த நாளே கையெழுத்து."

விழாவுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. சரி என்றேன். இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அன்றைக்குத் தலையைக் குனிந்து சரி என்றுதான் சொன்னேன்.

விழா அன்று விடிகாலையிலிருந்தே அடுப்பில் நின்றேன். என் மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் அரிசி அள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். பெரிய அண்டாவின் மூடி கை நழுவிச் சிமெண்டுத் தரையில், சரியாக அவளுக்குப் பின்னால் விழுந்தது. வாசலில் நின்ற பெண்கள்கூடத் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை, அரிசியை அள்ளிக்கொண்டே இருந்தாள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் என்ன செய்தேன்? மூடியை எடுத்துக் கழுவித் துடைத்து அண்டாவின்மேல் வைத்தேன். சோறு குழைந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

சொன்ன சொல் தவறாமல் மறுநாளே சீட்டு வந்தது, உறையில் போட்டு ஒட்டி வந்தது. என் வீட்டுக்காரரும் கூட வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் ஒரு கர்னல், நரைத்த தலை. அவர் மகளை என் மடியில் உட்காரவைத்து இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் மணியை அடித்துப் பார்த்தார். ஒரு காது முழுதும் போய்விட்டது, மற்றதும் அநேகமாகப் போய்விட்டது என்றார். ஆறு மாதம் முன்னால் கொண்டு வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

பிறகு உறையைப் பிரித்து உரக்கப் படித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பலமுறை அறிவுறுத்தியும் தாய் குழந்தையை அழைத்துச் செல்லவில்லை என்று கேப்டன் எழுதியிருந்தார். கர்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நிஜமா? பயப்படாமச் சொல்லும்மா. அந்த டாக்டர் மேல தப்புன்னா சொல்லு. இன்னிக்கே உங்க குடும்பத்தை வேற டாக்டர்கிட்ட மாத்தி எழுதறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் வேறு டாக்டர் வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் விறைப்பாக நின்ற என் வீட்டுக்காரரின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

நிஜம்தான், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லித் தலையாட்டினேன். மடியில் உட்கார்ந்து என் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகளும், நான் செய்ததைப் பார்த்து, கர்னலிடம் திரும்பித் தலையாட்டினாள்.