கண்மாயில் இறங்கவேண்டிய விமானம்

அப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வரச்சொல்லி நான் பக்கத்து வீட்டு போனில் அழுதபோது, “லீவு ரெண்டு நாளுதான் தருவாகளாம். வரப் போகவே சரியாப் போயிருமே தாயி” என்றார். திருச்சியில் விமானத்தை விட்டு இறங்கி, மதுரை, சாத்தூர் என்று பஸ் மாறி, ஏழாயிரம்பண்ணை தாண்டி எங்கள் ஊருக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன். எங்கள் கண்மாய் காய்ந்து கட்டாந்தரையாகத்தான் கிடந்தது. விமானம் நேரே அங்கே இறங்கிவிட்டால் அப்பா எங்களோடு பொங்கல் கொண்டாடலாம்.

ஐந்தாம் வகுப்புக்காரியின் இந்த யோசனையைச் சிரிக்காமல் கேட்டது அக்கா மட்டும்தான். அவள் பத்தாம் வகுப்பு. முழுப் பரீட்சைக்கு முக்கோணவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

“பிளேன் மூணு டிகிரி சரிவுலதான் இறங்கும்னு கணக்கு சார் சொன்னாக. வர்ற வழியில ஒசரமா எதுவும் நிக்கக் கூடாது. அளந்துதான் சொல்லணும்” என்றாள்.

எங்கள் ஊரில் உயரமாக நின்றது ஒன்றே ஒன்று. மேற்கே புதிதாக நட்டிருந்த செல்போன் டவர். சனிக்கிழமை அக்கா தன் பாகைமானியில் சரவெடி கட்டும் நூலைக் கோத்து, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டாள். பாகைமானியின் விளிம்பு வழியே டவரின் உச்சியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தாள். நூல் நாற்பத்தைந்து டிகிரி காட்டிய இடத்தில் நின்றாள். அங்கிருந்து டவரின் அடிவரை உள்ள தூரத்தோடு அவளுடைய கண் உயரத்தையும் கூட்டினால் டவரின் உயரம் கிடைத்துவிடுமாம். நாற்பது மீட்டர் வந்தது. நான் வாயைப் பிளந்தேன். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கிய அம்மா, “மருந்து ரூமுக்கே சுத்தி எம்புட்டு எடம் விட்டுக் கட்டுறாக. பிளேனுக்கு விட வேண்டாமா?” என்று எங்கள் பக்கம் பேசினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் டவரிலிருந்து கண்மாய்க்கரை வரை ஒவ்வொரு எட்டாக எண்ணிக்கொண்டே நடந்தோம். இரண்டாயிரத்துக்கு மேல் வந்தது. கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட அக்கா, வெகுநேரம் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“இறங்க முடியாது புள்ள. டவருல தட்டிரும்.”

“அப்பக் கிழக்க இருந்து வரச் சொல்லுவோம்க்கா.”

“கிழக்க அம்மா வேல பாக்குற கம்பெனி இருக்குல்ல? பிளேன் எஞ்சின்ல தீ எரியும். மருந்து ரூமுக்கு மேலயா வரச் சொல்லுற?”

 உரசிப் பொறி பறந்துவிடுமென்று கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவள் அம்மா. அப்பாவைப் பார்க்கும் ஆசையில் அவள் தலைக்கு மேல் தீயைப் பறக்கவிட முடியுமா? “அப்பா அடுத்த வருசம் வரட்டும்க்கா” என்று நானே சொல்லிவிட்டேன்.

பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அதே பாடத்தில் அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். நாற்பது மீட்டர் டவருக்கு, இறங்கும் இடம் எண்ணூறு மீட்டர் தள்ளி இருந்தால் போதும். நாங்கள் எண்ணிய எட்டுகள் எப்படிப் பார்த்தாலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. பெரிய விமானம் ஓடி நிற்கக் கண்மாயின் நீளம் போதுமா என்பது வேறு விஷயம். டவர் யாரையும் தடுக்கவில்லை. அக்கா ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாள் என்று அம்மாவிடம் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அப்பாவின் போன் வந்திருக்கிறது. அந்த இரண்டு நாள் லீவும் இல்லையென்று ஆகிவிட்டதாம். சின்னவளிடம் சொல்லத் தன்னால் முடியாது, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கண்மாயிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அக்கா தாவணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பரீச்சைக்கு இப்படிப் பயந்தா எப்படிக்கா? நீதான் நல்லாக் கணக்குப் போடுறியே” என்று ஆறுதல் சொன்னேன்.