திறப்புக் கோர்வைக்குக் கிடைத்த பேர்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். லோண்டிரியில் துணி தோய்க்கிற வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதை ஒருக்கால் வாசிக்கவேண்டும்.

வெஸ்ட்மீட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் லோண்டிரியில் பதினொரு வருசம் நின்றேன். சந்தோசமான வேலை. ட்ரையரிலிருந்து எடுத்த சூட்டுத் துவாயை முகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? குளிர்காலத்தில் அதற்காகவே வேலைக்குப் போகலாம். ரோஸ்டரில் என்னுடைய வேலை நாட்களை வாசிக்கத் தெரியாததால் சுப்பவைசர் என்னுடைய நாட்களில் ஒரு பூக் கீறிவிடுவா. அது கிடக்கட்டும், செல்வியைப் பற்றியல்லவா சொல்ல வந்தேன்.

செல்வி திருச்சிப் பிள்ளை. மெரிலேண்ட்ஸில் ஒரு அறையில் தனியாக இருந்தாள். மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நிற்பாள். நல்ல வாய்.

"சாவியப் போய் திறப்புங்கிறீங்களே ஆன்ட்டி! அதுலதானே பூட்டவும் செய்றீங்க?" என்று சிரிப்பாள்.

முதல் முறை

ஒரு காலை துவாய் மடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். கண் மேலே செருகி, கை கால் இழுத்தது. வலிப்பு. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையைக் கழற்றி, அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி இறுக்கிப் பிடித்தேன். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்று ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்தோம். படங்களிலும் அதைத்தான் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. எனக்குப் பெரிய பெருமை.

தெளிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க ஆன்ட்டி. புரொபேஷன் இன்னும் முடியல. தெரிஞ்சா நிறுத்திருவாங்க."

"நான் ஏன் சொல்லப்போறன்? மருந்து போடுறனியோ?"

"தீர்ந்துபோச்சு. டாக்டரைப் பாக்க லீவு கேக்கணும். ஏன்னு கேப்பாங்களே?"

"பயப்பிடாதை பிள்ளை. என்ரை திறப்பு இருக்குத்தானே."

அப்படித்தான் சொன்னேன்.

இரண்டாம் முறை

அடுத்த கிழமை, அதே மேசையடியில் திரும்ப விழுந்தாள். சுவரில் எமர்ஜென்சி பஸ்ஸர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அமத்தினால் மனேஜருக்குத் தெரிந்துவிடும். திறப்பைத்தான் கொடுத்தேன். இழுப்பு நிற்கவில்லை. இரும்பு காணாதோ, இன்னும் வேணுமோ என்று ட்ரொலியை இழுத்து அதன் கம்பியையும் மற்றக் கையில் பிடிக்க வைத்தேன். உதடு நீலமாக மாறியது. அப்போதும் நான் அவளுடைய விரல்களை மூடியபடியே இருந்தேன்.

பெட்ஷீட் எடுக்க வந்த நேர்ஸ் பவானி கத்தினாள்.

"அன்ரி! எவ்வளவு நேரமா இழுக்குது?"

எனக்குத் தெரியவில்லை.

"கையை விடுங்கோ! ஒரு பக்கம் சரிச்சுப் படுக்க வைக்கவேணும்!"

அவள்தான் பஸ்ஸரை அமத்தினாள். அம்புலன்ஸ்காரர் செல்வியின் கையை விரித்தபோது உள்ளங்கையில் திறப்பின் பல் பதிந்திருந்தது. மூன்றாம் நாள் ஐசியூவில் அவள் போய்விட்டாள்.

மனேஜரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பிறகு தேத்தண்ணி அறையில் பவானியிடம் கேட்டேன்.

"முதல் தரம் நிண்டதுதானே பிள்ளை?"

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வலிப்பு அநேகமா ரெண்டு மூண்டு நிமிசத்திலை தானாவே நிண்டிடும், அன்ரி. நீங்கள் திறப்பைத் தேடி எடுத்துக் குடுக்க அந்த நேரம் போயிடும். பேர் திறப்புக்கு."

எத்தனை தலைமுறையாக எத்தனை பேர் இப்படி இரும்புக்குப் பேர் வாங்கிக் கொடுத்தோமோ.

பிள்ளைகளே, கையில் ஒன்றும் திணிக்காதீர்கள், வாயிலும் ஒன்றும் வைக்காதீர்கள். தலைக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வையுங்கள். ஆளைப் பக்கவாட்டில் சரியுங்கள். விழுந்த உடனே மணிக்கூட்டைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத எனக்குப் பவானி சொல்லித் தந்தது இதுதான்: பெரிய முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போனால் ஐந்து நிமிசம். அதற்குள் நிற்காவிட்டால், அல்லது நின்று தெளியாமல் திரும்ப இழுத்தால், இங்கே அம்புலன்ஸுக்கு மூன்று சைபர்தான் நம்பர், அதற்கு அடியுங்கள். வேலை போகும், விசயம் வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

எங்கள் மடிப்பு மேசைக்கு நேர் மேலே ஒரு மணிக்கூடு இருந்தது. செல்விக்கு அன்றைக்கு அந்த முள் எத்தனை எண்ணைத் தாண்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.