த்ரோவில் ஆஃப்சைடு கிடையாது

பொங்கல் விளையாட்டு விழா என்றால் எங்கள் குடியிருப்பில் ஆண்களுக்குக் கிரிக்கெட்டும் கேடயமும்; பெண்களுக்கு எலுமிச்சம்பழமும் ஸ்பூனும். ஜெயித்தால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. இந்த வருடம் நாங்கள் சில பேர் சண்டை போட்டு ஃபுட்பால் கேட்டு வாங்கினோம். ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கத்தில் ஒரு காலி மைதானம். ஏ பிளாக் பெண்களுக்கும் எங்கள் பி பிளாக்குக்கும் ஒரே ஒரு ஆட்டம்.

"சும்மா ஜாலியா ஆடுங்க மேடம், ரூல்ஸெல்லாம் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் சங்கத்து விளையாட்டுக் கமிட்டிக்காரர். நடுவரும் அவரே. எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. விதி இல்லாமல் என்ன ஆட்டம்?

அதிலும் ஆஃப்சைடு பெண்களுக்குப் புரியவே புரியாது என்பது எங்கள் பிளாக் ஆண்களின் ஏகமனதான தீர்ப்பு. நான் கணவரிடம் கேட்டுப் பார்த்தேன். ரிமோட், கண்ணாடிக்கூடு, காபி டம்ளர் எல்லாவற்றையும் டீப்பாயில் பரப்பி விளக்க ஆரம்பித்தார். டம்ளர்தான் கோல்கீப்பர். பாதியில் கோல்கீப்பரை எடுத்துக் குடித்துவிட்டு, "இவ்வளவுதான், சிம்பிள்" என்றார். அதற்குப் பிறகு நானே விதியைத் தேடி எடுத்து, ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன்.

அது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கல்யாணப் பந்தியில், சாப்பிடுகிறவர் எழுந்திருப்பதற்கு முன்பே அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்களே, அந்த வேலை கூடாது என்கிறார்கள். நம் ஆள் பந்தை உதைக்கிற நொடியில் நாம் பந்தைத் தாண்டி முன்னால் நின்றால், நமக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பரும் அதில் சேர்த்தி. ஆனால் பந்து ஓரக்கோட்டைத் தாண்டிப் போய், கையால் எறிந்து தொடங்கும் த்ரோவில் இந்தத் தடை கிடையாது. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஆட்டம் முடிகிற நேரம்வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது பந்து வெளியே போனது. எறியப் போனவள் வடசென்னைப் பக்கம் பாடியில் பிறந்து வளர்ந்த என் எதிர் ஃபிளாட்காரி. நான் வேண்டுமென்றே கோலுக்கு முன்னால் தனியாகப் போய் நின்றேன். அவள் எறிந்தாள், நான் உதைத்தேன். பந்து உள்ளே! நாற்பது வயதுக்கு மேல் என் வாழ்க்கையின் முதல் கோல்.

விசில் ஊதினார் நடுவர். "ஆஃப்சைடு!"

"இன்னா சார் அநியாயமா கீது!" என்று கத்தினாள் பாடிக்காரி.

"த்ரோவில் ஆஃப்சைடு கிடையாது சார்" என்றேன்.

"தனியா நின்னீங்கல்ல மேடம், அதுக்குப் பேர்தான் ஆஃப்சைடு. டிவில மேட்ச் பாருங்க, புரியும்."

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். என் கணவர் ஓரத்திலிருந்து 'விட்டுத்தொலை' என்பதுபோல் கையைக் காட்டினார். ஏன் விட வேண்டும்? இவர்கள் ஆட்டத்தில் ஒரு ரன்னுக்காக அரைமணி நேரம் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குப் பெயர் ஸ்பிரிட். நான் வாயைத் திறந்தால் மட்டும் வேடிக்கை. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழவில்லை.

ஆட்டம் டிரா என்று அறிவித்தார்கள். பரிசு கொடுப்பதற்கு முன் நடுவர் ஒதுங்கி நின்று போனைத் தடவுவதைப் பார்த்தேன். முகம் மாறியது. நேராக எங்கள் பக்கம் வந்தார். என்னைத் தாண்டிப் போய், என் கணவரிடம் தாழ்ந்த குரலில், "சார், வீட்டுல சொன்னது கரெக்ட்தான். த்ரோவுக்கு ஆஃப்சைடு கிடையாதாம்" என்றார்.

"கோல் போட்டது நான் சார். என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பினார். "சரிதான் மேடம், கோல்தான். ஆனா இப்ப மாத்தினா ஏ பிளாக் லேடீஸ் ஃபீல் பண்ணுவாங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் எல்லாருக்கும் ஒரே டப்பாதானே?" என்று ஒன்றை என் கையில் வைத்தார்.

நான் அதை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"அப்போ விசில் எதுக்கு ஊதினீங்க?"